ஒரேகான் பாதையில் ஒரு காதல் நாவல்: முதல் வரி முதல் கடைசி அத்தியாயம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மேற்கை நோக்கிக் கூண்டு வண்டிகளில் போன குடும்பங்களை வைத்துத் தமிழில் ஒரு வரலாற்றுக் காதல் நாவல் எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரலாற்று நாவல் என்றதும் நமக்கு அரண்மனையும் சுரங்கப்பாதையும் மாறுவேடமும் கண்முன் வரும். இங்கே அரசர் இல்லை, ஒற்றர் இல்லை. மிசூரி ஆற்றங்கரையில் கிளம்பி ஒரேகானின் வில்லமெட் பள்ளத்தாக்கு வரை ஏறத்தாழ 2000 மைல் தூரம், ஐந்து ஆறு மாதம், மாடுகள், மாவு மூட்டைகள், குழந்தைகள். 1843-இல் சுமார் 1000 பேர் ஒரே பருவத்தில் இந்த வழியில் போனார்கள். 1869-இல் கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முடிவதற்குள் ஒரேகானுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் யூட்டாவுக்குமாக மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மேற்கே போய்விட்டார்கள்.

இந்த வகை நாவல்களில் பலவற்றுக்கு ஒரே குறை. பாதை வெறும் திரைச்சீலையாகத் தொங்கும். அதன் முன்னால் நடக்கும் காதலை எந்த ஊரிலும் எந்த நூற்றாண்டிலும் நடத்தியிருக்கலாம். என் கருத்து இதற்கு நேர் எதிர். அந்தப் பாதையின் தூசியும் கால அட்டவணையும், அதன் முடிவில் காத்திருக்கும் நிலச் சட்டமும்தான் இருவரையும் நெருங்கவைக்க வேண்டும், பிரிக்கவும் வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த எண்ணத்தில் எழுந்தவை.

படி 1: ஓர் ஆண்டைப் பிடியுங்கள்

“1800-களில் ஒரு நாள்” என்று பொதுவாகத் தொடங்காதீர்கள். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறியது. 1846 ஜூனில்தான் பிரிட்டனோடு எல்லை உடன்படிக்கை ஏற்பட்டு ஒரேகான் அமெரிக்காவிடம் உறுதியாக வந்தது. அதே ஆண்டில்தான் ஹூட் மலையைச் சுற்றிப் போகும் பார்லோ சாலை திறந்தது. அதற்கு முன் போனவர்கள் கொலம்பியா ஆற்றில் தெப்பம் கட்டி வண்டிகளை இறக்கினார்கள். ஜெஸ்ஸி ஆப்பிள்கேட், லிண்ட்சே ஆப்பிள்கேட் என்ற சகோதரர்கள் 1843-இல் அந்த ஆற்றில் ஆளுக்கொரு மகனைப் பறிகொடுத்தார்கள். 1848 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தபின் பாதையில் தனி ஆண்களின் கூட்டம் பெருகியது. 1849-இலிருந்து காலரா வந்தது.

நான் பரிந்துரைப்பது 1852. அந்த ஆண்டு வழியெங்கும் நெரிசல். காலரா கடுமையாக இருந்தது. வழியில் இருந்த லாரமி கோட்டை ராணுவத்தின் கையில் இருந்தது, பார்லோ சாலையும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக நிலச் சட்டம் அமலில் இருந்தது.

படி 2: நிலச் சட்டத்தைக் கதையின் நடுவில் வையுங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவிடுங்கள். 1850 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரேகானுக்கென்று ஒரு நிலக்கொடைச் சட்டம் நிறைவேற்றியது. 1850 டிசம்பருக்கு முன்பே அங்கே குடியேறியிருந்த மணமாகாத ஆணுக்கு 320 ஏக்கர். மணமானவராக இருந்தால் கணவன் மனைவி இருவருக்குமாக 640 ஏக்கர். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அதில் பாதி, அதாவது தனி ஆணுக்கு 160, தம்பதிக்கு 320. நான்கு ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட வேண்டும். தம்பதிக்குக் கிடைக்கும் நிலத்தில் சரிபாதி மனைவியின் சொந்தப் பெயரில் பதிவாகும். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது பெரிய விஷயம்.

இப்போது இதைக் காதல் கதை எழுதுபவரின் கண்ணோடு பாருங்கள். மணமாகாத ஆணுக்குக் கல்யாணம் என்பது நிலத்தை இரட்டிப்பாக்கும் காரியம். மணமாகாத பெண்ணுக்குத் தனியாக அந்தச் சட்டத்தில் பங்கு இல்லை, மணந்தால் அவள் பெயரில் 160 ஏக்கர். இந்தச் சட்டத்தால் ஒரேகானில் பெண் தேடும் அவசரம் கூடியது. 13, 14 வயதுச் சிறுமிகளைக்கூட மணமுடித்துக் கொடுத்தார்கள். அதை நாவலில் காட்டலாம், அழகுபடுத்தக் கூடாது. உங்கள் நாயகி வளர்ந்த பெண்ணாக, தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவளாக இருக்கட்டும்.

ஆக, நாயகியின் மனத்தில் ஓடவேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது: இவன் கேட்பது என்னையா, என்னால் கிடைக்கும் 160 ஏக்கரையா? நாயகனுக்கும் ஒரு கேள்வி உண்டு. மனத்தில் இருப்பதை இவளிடம் சொன்னால் நிலத்துக்காகத்தான் என்று நினைத்துவிடுவாளோ? வில்லனோ தவறான புரிதலோ தேவையில்லாமல் நாவல் முழுவதையும் இந்த இரண்டு கேள்விகளே தாங்கும்.

இதே சட்டத்துக்கு இன்னொரு முகம் உண்டு. இது வெள்ளையர்களுக்கும், வெள்ளைத் தந்தைக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்த அமெரிக்கர்களுக்கும் மட்டுமே நிலம் தந்தது. 1849-இல் ஒரேகான் போட்ட ஒரு சட்டம் கறுப்பின மக்கள் அங்கே புதிதாகக் குடியேறுவதையே தடுத்தது. 1844-இல் மேற்கே வந்த ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் என்ற கறுப்பினத்தவர், இப்படிப்பட்ட தடைகளால் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே போய்க் குடியேறினார். அவருடைய நிலத்தை உறுதிசெய்ய 1855-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அவரைப் போன்ற ஒரு குடும்பத்தை உங்கள் வண்டி வரிசையில் சேர்த்தால், ‘எல்லாருக்கும் இலவச நிலம்’ என்ற பேச்சு அவர்கள் காதில் எப்படி விழும் என்று நீங்கள் எழுதியே ஆகவேண்டும்.

படி 3: மூன்று பேரை உருவாக்குங்கள்

இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும். என் மாதிரிக் கதையில் மார்த்தாவுக்கு 22 வயது. இல்லினாய்ஸிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு கிளம்புகிறாள். கிளம்புவது அண்ணனின் முடிவு, அவளை யாரும் கேட்கவில்லை. சைலஸுக்குச் சொந்த வண்டி கிடையாது. அண்ணனின் மாடுகளை ஓட்டுகிறான், அதற்கு ஈடாகச் சாப்பாடும் மூட்டை வைக்க இடமும். இப்படிச் சாப்பாட்டுக்கு வேலை செய்துகொண்டே மேற்கே போன இளைஞர்கள் உண்மையில் நிறையப் பேர். நாயகியின் குடும்பத் தீயிலேயே தினமும் சாப்பிடும் அந்நியன் என்பதால், சந்திப்புக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. மார்த்தா சுட்ட ரொட்டியைத்தான் அவன் தின்கிறான்.

மூன்றாவது ஆள் இரண்டு வண்டிகளோடு வரும் ஒரு விவசாயி. பிளாட் ஆற்றங்கரையில் மனைவியைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு சிறு பிள்ளைகளோடு நிற்கிறவர். இவரைக் கெட்டவராக்கும் ஆசையை அடக்குங்கள். நல்லவராக, நியாயமானவராக, மார்த்தாவை மதிப்பவராக இருக்கட்டும். அவர் பெண் கேட்கும்போது வாசகருக்கே மனம் அவர் பக்கம் சாய வேண்டும். அப்போதுதான் சைலஸைத் தேர்ந்தெடுப்பது ஒரு தேர்வாகும்.

அண்ணியைக் கர்ப்பிணியாக்கலாம். 1853-இல் அயோவாவிலிருந்து ஏழு குழந்தைகளோடு கிளம்பிய அமெலியா ஸ்டூவர்ட் நைட் என்ற பெண் வழிநெடுக நாட்குறிப்பு எழுதினார். எட்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டே வந்தார். ஆனால் பயணத்தின் முடிவில் அது பிறக்கும் வரை அதைப் பற்றி நேராக ஒரு வரியும் எழுதவில்லை. மழை, சேறு, துவைத்த துணி, செத்த மாடு எல்லாம் இருக்கின்றன, அது இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. உங்கள் பாத்திரங்களும் முக்கியமானதைச் சொல்லாமல் விடட்டும்.

படி 4: வண்டியை உங்கள் கையால் கட்டுங்கள்

மாட்டுவண்டி தெரிந்த வாசகர்களுக்கு எழுதுகிறோம் என்பது நமக்குப் பெரிய வசதி. நுகத்தடி, அச்சு, ஆரக்கால், இரும்புப் பட்டை, மசகு, லாடம் எல்லாம் கைவசம் உள்ள சொற்கள். ஆனால் வண்டி வேறு. பெட்டி ஏறத்தாழ 4 அடி அகலம், 10 அடிக்குச் சற்றுக் கூடுதல் நீளம். மேலே வளைவுகளின்மேல் இழுத்துக்கட்டிய கித்தான் துணி, மழை இறங்காமல் இருக்க ஆளி விதை எண்ணெய் பூசியது. சுமார் 2000 முதல் 2500 ராத்தல் வரைதான் ஏற்ற முடியும். திரைப்படங்களில் வரும் பெரிய கானஸ்டோகா வண்டியை எழுதிவிடாதீர்கள். அது கிழக்கே சரக்கு ஏற்றிப் போனது. இந்தப் பாதைக்கு அது பாரம் அதிகம்.

இழுத்தவை பெரும்பாலும் எருதுகள், நான்கோ ஆறோ. குதிரையைவிட மெதுவாக நடக்கும், ஆனால் புல்லைத் தின்றே தாக்குப்பிடிக்கும், கோவேறு கழுதையைவிட விலையும் குறைவு. வண்டியில் உட்கார்ந்து ஓட்ட மாட்டார்கள், எருதின் இடப்பக்கம் நடந்துகொண்டே ஓட்டுவார்கள். வண்டியில் வில் கிடையாது, உள்ளே இருந்தால் எலும்பு கழன்றுவிடும். அதனால் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் தவிர மற்ற எல்லாரும் நடந்தார்கள். உங்கள் காதலர்கள் 2000 மைல் நடக்கப்போகிறார்கள். நீண்ட உரையாடல் எழுத இது போதாதா?

சாமான் பட்டியல் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு 150 முதல் 200 ராத்தல் மாவு, பன்றி உப்புக்கண்டம், காப்பிக்கொட்டை, சர்க்கரை, உப்பு, அவரை, காய்ந்த ஆப்பிள். உப்புக்கண்டம் வெயிலில் உருகாமல் இருக்கத் தவிட்டுக்குள் புதைப்பார்கள். முட்டைகளைச் சோளமாவுக்குள் அடுக்குவார்கள், முட்டை தீரும்போது மாவு ரொட்டிக்கு ஆகும். காலையில் கறந்த பாலைக் குடத்தில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால் ஆட்டத்திலேயே சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்கும்.

அப்புறம், ஒரு பொருளைத் தேவையில்லாமல் ஏற்றுங்கள். பாட்டியின் மர அலமாரி, ஒரு பெரிய கண்ணாடி, எதுவானாலும் சரி. மாடுகள் களைத்துப்போகும்போது லாரமி கோட்டைக்கு அருகில் மக்கள் அடுப்பையும் அலமாரியையும் பாதையோரம் இறக்கிவிட்டுப் போனார்கள். யாருடைய பொருளை முதலில் இறக்குவது என்ற சண்டையில் ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் வெளியே வரும். மார்த்தாவின் பொருளை இறக்கும்போது சைலஸ் என்ன செய்கிறான்?

படி 5: வழியை நாட்காட்டியாக்குங்கள்

ஒரு பெரிய தாளில் இடது பக்கம் தேதி, நடுவில் இடம், வலது பக்கம் காதலின் நிலை என்று மூன்று கட்டம் போடுங்கள். ஒரு நாளைக்குச் சராசரி 15 மைல் என்று கணக்கு வையுங்கள். மழை நாளில் 5, நல்ல நாளில் 20.

கிளம்புவது ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். அதற்கு முன் போனால் புல் முளைத்திருக்காது, மாடு பட்டினி. தாமதித்தால் மலையில் பனி பிடித்துக்கொள்ளும். பனிக்கு என்ன விலை என்பதை 1846-இல் டானர் குழு காட்டியது. குறுக்குவழியை நம்பிப் போய், கலிஃபோர்னியா மலையில் சிக்கி, 87 பேரில் ஏறத்தாழ பாதிப் பேரை இழந்தது. கிளம்பும் ஊர் இண்டிபெண்டன்ஸ், செயின்ட் ஜோசப், கவுன்சில் பிளஃப்ஸ் இவற்றில் ஒன்று. முதல் இரண்டு அத்தியாயங்களை இந்த ஊர் நெரிசலில் வையுங்கள். வண்டித் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டெடுப்பு நடக்கும், விதிமுறைகள் எழுதுவார்கள், இரண்டு வாரத்தில் அந்தக் குழு இரண்டாகப் பிரியும்.

மே மாதம் புல்வெளி. பூக்கள், இடி மழை, ஃபிடில் வாசிப்பு, இரவு நடனம். இங்கே காதல் ஆர்வமாக மட்டும் இருக்கட்டும். எல்லாரும் உற்சாகமாக இருக்கும் நாட்களில் யார் எப்படிப்பட்டவர் என்பது தெரியாது.

ஜூன் முழுவதும் பிளாட் ஆறு. அகலம் அதிகம், ஆழம் குறைவு, கலங்கல் தண்ணீர், கொசு. மரமே இல்லாததால் காய்ந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கித்தான் அடுப்பு எரிக்க வேண்டும். முதலில் இரண்டு விரலால் அருவருப்போடு எடுக்கும் மார்த்தா, ஒரு வாரத்தில் முன்றானை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். காலரா அடிப்பதும் இங்கேதான். மாதத்தின் நடுவில் சிம்னி பாறை தூரத்தில் தெரியும், இரண்டு மூன்று நாள் நடந்தாலும் அங்கேயே நிற்பதுபோல் இருக்கும். கடைசி வாரம் லாரமி கோட்டை. பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது, கடிதம் அனுப்பலாம். நாயகி ஊருக்கு எழுதும் கடிதத்தில் சைலஸின் பெயர் வருகிறதா இல்லையா என்பதே ஒரு காட்சி.

ஜூலை 4-க்குள் இண்டிபெண்டன்ஸ் பாறையை எட்டிவிட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. எட்டினால் பனிக்கு முன் போய்ச் சேரலாம். அந்தக் கருங்கல் பாறையில் ஆயிரக்கணக்கானோர் பெயரைச் செதுக்கினார்கள், சிலர் தாரும் மசகும் கலந்து எழுதினார்கள். சைலஸ் அங்கே யாருடைய பெயரை எழுதுகிறான்? விவசாயியின் பிள்ளைகள் இறந்த தாயின் பெயரை எழுதச் சொன்னால்? ஜூலை நடுவில் சவுத் பாஸ். மலைக்கணவாய் என்றதும் செங்குத்தான இடுக்கை எழுதிவிடாதீர்கள், அது கண்ணுக்கே தெரியாமல் ஏறும் அகன்ற வெளி. 1836-இல் கிறிஸ்தவ மதப்பணிக்காகப் போன நார்சிஸா விட்மனும் எலைசா ஸ்பால்டிங்கும் இதைக் கடந்தார்கள், வெள்ளைப் பெண்களில் அவர்களே முதல்வர். இங்கே பயணம் சரிபாதி. இனித் திரும்பிப் போக முடியாது என்ற எண்ணம் இங்கே வரும். விவசாயி பெண் கேட்கும் அத்தியாயத்தை இங்கே வையுங்கள்.

ஆகஸ்டில் ஃபோர்ட் ஹால் என்ற வணிகக் கோட்டைக்கு மேற்கே ராஃப்ட் ஆறு. கலிஃபோர்னியா போகிறவர்கள் இங்கே இடப்பக்கம் பிரிவார்கள். சைலஸ் முதலிலிருந்து தங்கத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் என்றால், நாவலின் மையம் இந்த இடம்தான். அவன் கலிஃபோர்னியா பக்கம் திரும்பாமல் ஒரேகான் பக்கம் நடந்தால் அவள் என்ன நினைப்பாள்? நிலச் சட்டத்தைப் பற்றி அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் என்றுதான். இந்தச் சந்தேகத்தை உடனே தீர்த்துவிடாதீர்கள், பாம்பாற்றங்கரை முழுவதும் அவள் இதைச் சுமந்துகொண்டு நடக்கட்டும். பாம்பு என்றே பெயர் கொண்ட அந்த ஸ்நேக் ஆறு பள்ளத்தில் ஓடும், மேலே தாகத்தோடு மாடுகள் சாகும், இறங்கித் தண்ணீர் எடுக்க வழி இருக்காது. காதலிலும் இது வறண்ட பகுதி.

செப்டம்பரில் நீல மலைகள், முதல் குளிர், முதல் பெரிய மரங்கள். அக்டோபரில் பார்லோ சாலை. லாரல் ஹில் என்ற சரிவில் கயிற்றை மரத்தில் சுற்றி, வண்டியை அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். அங்கே கயிற்றைப் பிடிப்பவர்கள் சைலஸும் விவசாயியும். உச்சக்கட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

படி 6: தனிமையை எங்கிருந்து எடுப்பது

வண்டி வரிசையில் தனியிடமே இல்லை. இயற்கை உபாதைக்குக்கூடப் பெண்கள் வட்டமாக நின்று பாவாடையை விரித்து மறைத்தார்கள். காதல் காட்சி எழுதுபவருக்கு இது தடையாகத் தோன்றும், உண்மையில் இது வரம். நினைத்த இடத்தில் சந்திக்க முடிந்தால் ஏக்கம் பிறக்காது.

நாளின் அட்டவணையில் இடைவெளி தேடுங்கள். ஜெஸ்ஸி ஆப்பிள்கேட் 1843 பயணத்தின் ஒரு நாளைப் பதிவு செய்திருக்கிறார்: அதிகாலை 4 மணிக்குக் காவலர்கள் துப்பாக்கி வெடித்து எழுப்புவார்கள், 7 மணிக்கு வண்டிகள் கிளம்பிவிடும், மதியம் ஓய்வு, மாலையில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி மாடுகளுக்குப் பட்டி போடுவார்கள். அப்புறம் இராக் காவல். காவல் முடிந்து வரும் சைலஸும், எல்லாருக்கும் முன்பே எழுந்து ரொட்டி சுடும் மார்த்தாவும் ஒரே தீயின் முன் வரும் அரைமணி நேரம் இருக்கிறது. வறண்ட காற்றில் மரச்சக்கரம் சுருங்கி இரும்புப் பட்டை கழலும், இரவில் சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப்போட வேண்டும். அதற்கு விளக்குப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

இன்னொரு வழி, செய்தி. பாதையோரம் வெளுத்துக் கிடக்கும் காட்டெருமை மண்டையோடுகளில் முன்னால் போகிறவர்கள் பின்னால் வருபவர்களுக்குச் செய்தி எழுதி வைத்தார்கள். குழு பிரிந்து சைலஸ் இரண்டு நாள் முன்னால் போக நேர்ந்தால், ஒவ்வோர் எலும்பையும் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கும் ஒரு பெண்ணை நீங்கள் எழுதலாம்.

படி 7: சாவை அளவோடு, உண்மையோடு

காலரா வந்தவர் காலையில் நடந்து, மாலையில் இறந்தார். வயிற்றுப்போக்கு, வாந்தி, உடல் நீலம் பாய்தல், கையில் இருந்த மருந்து அபின் கலந்த லாடனம். தண்ணீரால் பரவுகிறது என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது, ஆகவே உங்கள் பாத்திரங்கள் யாரும் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லக் கூடாது. புதைத்த இடத்தின்மேல் வண்டிகளை ஓட்டி அடையாளத்தை அழித்தார்கள், ஓநாய் தோண்டாமல் இருக்க. மனைவியின் கல்லறைமேல் தன் சொந்த வண்டியை ஓட்டிப் போகும் விவசாயியை எழுதிவிட்டால், பிறகு அவரை யாரும் சாதாரணப் போட்டியாளராகப் பார்க்க மாட்டார்கள்.

நோய்க்கு அடுத்தபடி ஆற்றில் மூழ்குதல், தவறுதலாக வெடித்த துப்பாக்கி, சக்கரத்தின் கீழ் விழுந்த குழந்தை. 1844-இல் கேத்தரின் சேகர் என்ற சிறுமி ஓடும் வண்டியிலிருந்து குதித்தபோது உடை கோடரிக் காம்பில் மாட்டி, சக்கரம் காலை முறித்தது. அந்த வழியிலேயே தாய் தந்தை இருவரும் இறந்து, ஏழு பிள்ளைகளும் அனாதையாக ஒரேகான் போய்ச் சேர்ந்தார்கள்.

படி 8: அந்த மண்ணின் மக்கள்

இரவில் தீ அம்போடு பாய்ந்து வரும் கூட்டம் திரைப்படத்தின் சொத்து. வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ திரட்டிய கணக்கில், 1840 முதல் 1860 வரை பழங்குடி மக்களால் இறந்த பயணிகள் 362 பேர், பயணிகளால் இறந்த பழங்குடியினர் 426 பேர். இருபது ஆண்டுக் கணக்கு இது. அன்றாடம் நடந்தது வணிகம்தான். ஸ்நேக் ஆற்றில் ஷோஷோனி மக்கள் சால்மன் மீன் கொடுத்துத் துணியும் தூண்டில் முள்ளும் வாங்கினார்கள். நீல மலைப் பக்கம் கேயூஸ் மக்கள் உருளைக்கிழங்கும் குதிரையும் விற்றார்கள். ஆறு கடக்க வழி காட்டியவர்களும் அவர்களே.

அதே சமயம் வண்டிகள் அவர்களுக்குச் செய்ததையும் மறைக்காதீர்கள். புல் தீர்ந்தது, காட்டெருமை விலகியது, தட்டம்மை பரவியது. 1847-இல் கேயூஸ் மக்கள் தட்டம்மையில் மடிந்துகொண்டிருந்தபோதுதான் நார்சிஸா விட்மனும் அவர் கணவரும் அவர்களில் சிலரால் கொல்லப்பட்டார்கள், அதற்காக 1850-இல் ஐந்து கேயூஸ் ஆண்கள் ஒரேகான் சிட்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். 1851-இல் லாரமி கோட்டை அருகே நடந்த உடன்படிக்கையில் 50 ஆண்டுகள் தருவதாகச் சொன்ன உதவித்தொகையை, நாடாளுமன்ற மேலவை பின்னர் 10 ஆண்டுகளாக வெட்டியது. உங்கள் கதை நடப்பது இதற்கு அடுத்த கோடையில். மார்த்தா போய்ச் சேரும் வில்லமெட் பள்ளத்தாக்கு கலப்பூயா மக்களின் நிலம். அவர்களோடு உடன்படிக்கை உறுதியாவதற்கு முன்பே அந்த நிலத்தை அரசு கொடுத்துக்கொண்டிருந்தது. காதல் நாவலின் மகிழ்ச்சியான முடிவு இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது என்பதைக் குறைந்தது ஒரு பாத்திரமாவது உணர வேண்டும்.

படி 9: பேச்சு

இல்லினாய்ஸ் விவசாயியைக் கொங்கு வழக்கிலோ நெல்லை வழக்கிலோ பேசவைக்காதீர்கள். தூய தமிழிலும் வேண்டாம். எளிய, ஊர் அடையாளம் இல்லாத பேச்சுத் தமிழ் போதும். விவிலியம் அவர்கள் நாவில் எப்போதும் இருந்தது, அங்கங்கே விவிலியத் தமிழின் சாயல் வரலாம். மார்த்தாவும் சைலஸும் தொடக்கத்தில் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றே அழைக்கட்டும், ‘நீ’ எந்த இரவில் வருகிறது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அண்ணனிடம் அவள் ‘நீ’ என்று பேசினாலும், அண்ணி தன் கணவனை மற்றவர்முன் குடும்பப் பெயரால் ‘மிஸ்டர்’ சேர்த்துத்தான் குறிப்பிடுவாள். மைலும் ராத்தலும் அப்படியே இருக்கட்டும், கிலோமீட்டர் எட்டிப்பார்க்கக் கூடாது.

படி 10: முடிவை எழுதுங்கள், பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள்

முதலில் கடைசி அத்தியாயத்தை எழுதிப் பார்ப்பது நல்லது. இடம் ஒரேகான் சிட்டி, நில அளவைத் தலைமை அலுவலகம். சைலஸும் மார்த்தாவும் நிலத்துக்கு மனு கொடுக்க நிற்கிறார்கள். சந்தேகம் எப்படித் தீர்ந்தது? அவன் வாயால் சொன்ன உறுதியால் தீர்ந்திருக்கக் கூடாது. நிலத்தை இழக்கக்கூடிய ஒரு செயலால் தீர்ந்திருக்க வேண்டும். உதாரணமாக, லாரல் ஹில்லில் காயம்பட்ட விவசாயியோடும் அவர் பிள்ளைகளோடும் சைலஸ் பின்தங்கிவிடுகிறான். நல்ல நிலம் எல்லாம் அதற்குள் மற்றவர்கள் கைக்குப் போய்விடும் என்று தெரிந்தே.

சட்டம் மனைவிக்குப் பாதியைக் கொடுத்ததோடு கதை சுபமாகிவிட்டது என்றும் விடாதீர்கள். 1852-இல் 17 வயதில் இதே பாதையில் வந்தவர் அபிகெயில் ஸ்காட். குடும்பத்தின் நாட்குறிப்பை எழுதும் வேலை அவருடையது. தாயைக் காலராவுக்கும் சின்னத் தம்பியை அதே வழியிலும் இழந்தார். அடுத்த ஆண்டே ஒரேகானில் மணமாகி அபிகெயில் ஸ்காட் டனிவே ஆனார். கணவர் நண்பருக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரங்களால் பண்ணை கைவிட்டுப் போனது, மனைவியை யாரும் கேட்கவில்லை. பிற்பாடு பெண்களின் வாக்குரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார். 1912-இல் ஒரேகானில் அது கிடைத்தபோது பிரகடனத்தை எழுதியவரும் அவரே. மார்த்தாவின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி ஒரு பின்னுரை எழுத நினைத்தால் இவருடைய வாழ்க்கையை நன்றாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

படிப்பதென்றால் நாட்குறிப்புகளைப் படியுங்கள், குறிப்பாகப் பெண்கள் எழுதியவற்றை. அமெலியா நைட்டின் குறிப்பில் ஒரு நாள் மகள் லூசியை மறந்து விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், பின்னால் வந்த குழு அவளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இப்படி ஒரு சம்பவத்தைக் கற்பனையில் உருவாக்குவது கடினம். நாட்குறிப்பிலிருந்து உணவு, வானிலை, எரிச்சல் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், வாக்கியங்களை எடுக்காதீர்கள்.

முதல் வரைவை முடித்தபின் படி 5-இன் தாளை எடுத்து ஒவ்வோர் அத்தியாயத்தையும் சரிபாருங்கள். புல், தண்ணீர், விறகு, மாட்டின் நிலை இவை நான்கும் ஒவ்வொரு முகாமிலும் சொல்லப்பட்டிருக்கின்றனவா? நிலா வெளிச்சத்தில் நடக்கும் காட்சிகளுக்கு 1852-இன் பௌர்ணமி நாட்களைக் கணித்துப் பாருங்கள், அதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பின் மூன்றாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். எந்த இடத்தையாவது மாற்றிப்போட்டாலும் காதல் அப்படியே நடக்கும் என்று தோன்றினால், அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள்.